நான்கு மூலைப் புள்ளிகள்

செம்பு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திவிட்டால் உலகம் நின்றுவிடும். சுவர், கூரை, தரை, கதவின் உள்பக்கம் என்று ஓர் இடம் விடாமல் செம்புத் தகடு அடித்த அறை அது. வெளியே ஊர் முழுக்கப் பறந்துகொண்டிருக்கும் எந்த ரேடியோ அலையும் உள்ளே வராது. உள்ளே பிறக்கிற அலையும் வெளியே போகாது. கைப்பேசி இரண்டு நிமிடம் தேடிப் பார்த்துவிட்டு, சரி ஆளை விடு என்று அடங்கிவிடும். விளக்கு வெளிச்சம் தகட்டில் பட்டுத் திரும்பி, அறையில் எந்நேரமும் சாயங்காலம் ஐந்தரை மணியாகவே இருக்கும். புதிதாக வருகிறவர்களுக்கு மூச்சு முட்டும். தராசுக்கோ அங்கேதான் மூச்சே சீராக வரும்.

தராசு என்பது அலுவலகம் அவளுக்கு வைத்த பெயர். படகுகளில் பொருத்துகிற ரேடியோ டிரான்ஸ்மிட்டர்களைச் செய்கிற சின்ன நிறுவனம் அது. மேலே இருப்பவர்கள் செய்து அனுப்புவார்கள். கீழே இவள் அதன் அலையை அளந்து, தேறும், தேறாது என்று எழுதுவாள். யார் முகத்தையும் பார்க்கமாட்டாள், இம்மி பிசகமாட்டாள். 'தராசு சொல்லியாச்சா?' என்று கேட்டுவிட்டுத்தான் மேலாளரே பேனாவைத் திறப்பார். அந்தப் பெயர் பிடிக்காத மாதிரி அவள் முகத்தை வைத்துக்கொள்வாள். உள்ளுக்குள் அதில் அவளுக்குக் கொள்ளைப் பெருமை. மனுஷிதானே.

அலையை எப்படிக் கண்ணால் பார்ப்பது என்று கேட்பீர்கள். கருவியின் திரையில் பதினாறு புள்ளிகள் தெரியும். நாலு வரிசை, வரிசைக்கு நாலு. டிரான்ஸ்மிட்டர் அனுப்புகிற செய்தியின் ஒவ்வொரு துணுக்கும் அந்தப் பதினாறு இடங்களில் ஏதாவது ஒன்றில் வந்து விழ வேண்டும். அலை ஒழுங்காக இருந்தால் ஒவ்வொரு புள்ளியும் அதனதன் இடத்தில் அமைதியாக மினுங்கும். ஒழுங்கில்லை என்றால் கலைந்து பஞ்சாகும், அல்லது மொத்தமும் மெதுவாகச் சுற்ற ஆரம்பிக்கும். இருட்டுத் திரையில் பச்சையாக மினுங்கும் அந்தப் பதினாறையும் பார்த்தபடி தராசு மணிக்கணக்கில் உட்கார்ந்திருப்பாள். சாப்பாட்டு நேரம் தாண்டிப்போனதுகூடத் தெரியாது. எங்கேயோ ஒரு கடலில், எங்கேயோ ஒரு படகிலிருந்து யாரோ ஒருவர் சொல்லப்போகிற 'நான் இங்கே இருக்கிறேன்' என்ற வார்த்தை, சொல்லப்படுவதற்கு முன்பே இந்த அறையில் புள்ளியாக வந்து விழுகிறது என்று நினைத்துக்கொள்வாள். நினைத்துக்கொண்டே கொஞ்சம் மிதப்பாள்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் அந்தத் திரையில்தான் அவள் தன் அக்காவின் டிரான்ஸ்மிட்டரைப் பார்த்தாள்.

அக்கா இவளைவிட நாலு வயது மூத்தவள், இதே நிறுவனத்தில் டிரான்ஸ்மிட்டர் வடிவமைத்தவள். ஆரம்பம் முதல் கடைசி வரை அவளே செய்த முதல் பெட்டி அது. வீட்டில் அம்மாவிடம்கூட மூச்சு விடாமல், காலையும் மாலையும் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்து தங்கையிடம் மட்டும் கிசுகிசுத்துப் பதினோரு மாதம் செய்தது. அளக்கிற அன்று யாரோ ஒரு புண்ணியவான், 'அக்கா பெட்டி, தங்கச்சி தராசு. தேறாம எங்க போகும்?' என்று சிரித்துவிட்டுப் போனார். அது இவளுக்குச் சுருக்கென்று தைத்தது. அதனால் வேறு யாருடையதையும் பார்க்காத அளவுக்கு அக்காவுடையதைக் கூர்ந்து பார்த்தாள். பார்த்தபோது, பதினாறில் நான்கு மூலைப் புள்ளிகளும் இடம் பெயர்ந்து உள்பக்கமாக ஒதுங்கியிருந்தன. பலமான அலை அனுப்பும்போது பெட்டி திணறுகிறது என்று அதற்கு அர்த்தம். தேறாது என்று எழுதினாள். எழுதிவிட்டுக் கழிப்பறைக்குப் போய் அழுதாள் என்பது வேறு விஷயம்.

அக்கா ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. இரண்டு மாதம் அந்தப் பெட்டியைப் பிரித்துப் பிரித்து மாட்டினாள். சின்னச் சின்ன பாகங்களை எல்லாம் மாற்றினாள். ஒவ்வொரு முறையும் கீழே வந்து அளந்தால் அதே நான்கு மூலைகள், அதே ஒதுக்கம், மயிரிழை மாற்றமில்லை. கடைசியில் ஒருநாள், 'என் கைல ஏதோ கோளாறு' என்று சொல்லிவிட்டு வடிவமைப்பை விட்டே விலகி, இரண்டாம் மாடியில் கையேடு எழுதுகிற மேஜைக்குப் போய்விட்டாள். எந்தத் திருகை எந்தப் பக்கம் திருப்ப வேண்டும் என்று எழுதுகிற வேலை. அன்று சாயங்காலம் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, பக்கத்து இடத்தில் தன் கைப்பையை வைத்தாள்.

அந்தப் பை அங்கேயேதான் இருக்கிறது. வீட்டில் பேச்சுக்குக் குறைவில்லை: அம்மாவின் மாத்திரை, தீர்ந்துபோன சோப்பு, சொட்டுகிற குழாய். பஸ்ஸில் மட்டும் பை. அதை எடுக்கச் சொல்ல தராசுக்கு மூன்று வருஷமாக வாய் வரவில்லை.

அக்காவின் பெட்டி தூக்கியெறியப்படவில்லை. அளவை அறை என்றால் அங்கே நிச்சயமாகக் கெட்டுப்போன பெட்டி ஒன்று இருந்தே ஆகவேண்டும். கருவியால் குறையைக் கண்டுபிடிக்க முடிகிறதா என்று பார்ப்பதற்கு, குறை உள்ளது என்று தெரிந்த ஒன்று கையில் வேண்டுமல்லவா. அதற்கென்று அக்காவின் பெட்டி அலமாரிக்குப் போனது. 'கெட்டபிள்ளை' என்று அதன்மேல் ஒரு சீட்டை ஒட்டியதும் தராசின் கைதான். எப்படி அளக்க வேண்டும் என்று அவள் எழுதிய அட்டை ஒன்று நூலில் கட்டி அதில் தொங்கும். அதில் இரண்டாவது வரி: 'கட்டை வேண்டாம். நேரடியாகப் பொருத்தவும். மூலைகள் தெளிவாகத் தெரியும்.' கட்டை என்பது அட்டெனுவேட்டர் என்ற, வாயில் நுழையாத பெயர் கொண்ட சாமானுக்கு அறை வைத்த செல்லப்பெயர். சுண்டுவிரல் நீளத்தில் ஓர் உலோக உருளை. பெட்டிக்கும் கருவிக்கும் நடுவில் அதை மாட்டினால் அலையின் பலத்தைக் குறைத்து உள்ளே விடும்.

இப்படி இருக்கையில் போன மாதம் பழைய கருவியின் திரை அணைந்து, எழுந்திருக்கவே இல்லை. புதிது வாங்க வேண்டும். இரண்டு நிறுவனங்கள் ஆளுக்கொரு கருவியை ஒரு வாரத்துக்குப் பார்க்கக் கொடுத்தன. ஒன்று பெரியது, திரையே ஜன்னல் அளவு இருந்தது. இன்னொன்று சின்னது, சாம்பல் நிறம், பார்க்கச் சாதுவாக ஒரு மூலையில் உட்கார்ந்திருந்தது. அதைக் கொண்டுவந்த விற்பனைக்காரரும் சாதுதான். எப்போதும் பாதித் தூக்கத்தில் இருப்பது போன்ற முகம். அவருக்கு உடனே 'தூங்குமூஞ்சி' என்று பெயர் விழுந்துவிட்டது. வெள்ளிக்கிழமைக்குள் தராசு வாங்கும் படிவத்தில் ஒன்றின் பெயருக்கு எதிரே கையெழுத்துப் போட வேண்டும்.

வியாழக்கிழமை காலை மேலாளரும் தூங்குமூஞ்சியும் பார்த்துக்கொண்டிருக்க, தராசு கெட்டபிள்ளையை இறக்கி, அட்டையில் உள்ளபடி பெரிய கருவியில் பொருத்தினாள். பதினாறு புள்ளிகள் எழுந்தன. நான்கு மூலைகளும் உள்ளே ஒதுங்கியிருந்தன.

"பாத்தீங்களா? புடிச்சிடுச்சு" என்றார் மேலாளர்.

அடுத்து சின்னது. அதே பெட்டி, அதே கம்பி. பதினாறு புள்ளிகளும் சதுரமாக, மூலைகள் மூலையிலேயே நின்றன.

"சின்னது கோட்டை விட்டுடுச்சு" என்று மேலாளர் தூங்குமூஞ்சியைப் பார்த்துச் சிரித்தார். "மூணு வருஷமா ஊரறிஞ்ச குறை. உங்க கருவிக்குத் தெரியலையே சார்."

தூங்குமூஞ்சி திரையை ஒருமுறை பார்த்தார். பெட்டியின் மேல் ஒட்டியிருந்த சீட்டை ஒருமுறை பார்த்தார். "இது இல்லாததைக் காட்டாது சார்" என்றார். "இருக்கறதை விட்டதா நான் இதுவரைக்கும் பாக்கல. உங்க இஷ்டம்." நாளைக் காலை வந்து கருவியை எடுத்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டு, வந்த வேகத்திலேயே போனார். அது ஒன்றும் பெரிய வேகமில்லை.

மேலாளரும் போனபின் தராசு கதவைச் சாத்தினாள். கைப்பேசி அடங்கியது. பெரிய கருவிக்கு எதிரே ஒரு கையெழுத்து, அவ்வளவுதான் வேலை. ஆனால் 'இல்லாததைக் காட்டாது' என்ற வார்த்தை காதில் நுழைந்த தண்ணீர் மாதிரி உள்ளேயே நின்றது. இரண்டு திரைகளையும் மாறிமாறிப் பார்த்தபடி, கன்னத்தில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். அறை ஐந்தரை மணியிலேயே நின்றது. எப்போது கண் சொக்கியதோ தெரியவில்லை.

அந்தத் தூக்கத்தில் ஒரு குளம். தண்ணீர் கறுப்பாக, அசையாமல் கிடந்தது. அதன்மேல் பதினாறு விளக்குகள், நாலு வரிசையாக மிதந்தன. மூலையில் இருந்த நான்கும் உள்ளே ஒதுங்கி இருந்தன. ஏன் ஒதுங்குகின்றன என்று பார்க்க அவள் கரையிலிருந்து குனிந்தாள். அவள் குனியக் குனிய அவை இன்னும் உள்ளே போயின. முகத்தைத் தண்ணீர்வரை கொண்டுபோனாள். நான்கும் நடுவிலிருந்த விளக்குகளோடு போய் ஒண்டிக்கொண்டன. அக்கரையில் அக்கா நின்றுகொண்டிருந்தாள், கையில் அந்தக் கைப்பை. 'கொஞ்சம் தள்ளித்தான் நில்லேன்' என்றாள், கோபமே இல்லாமல். தராசு ஓர் அடி பின்னால் வைத்தாள். விளக்குகள் நான்கும் மெல்ல மிதந்து தம்தம் மூலைக்குத் திரும்பின.

விழித்ததும் இழுப்பறையைத் திறந்து கட்டையைத் தேடி எடுத்தாள். அதைக் கெட்டபிள்ளைக்கும் பெரிய கருவிக்கும் நடுவில் மாட்டப் போனாள். இரண்டு தடவை மரை பிசகியது.

மாட்டினாள். பெரிய திரையில் மூலைகள் நான்கும் போய்த் தம் இடத்தில் நின்றன.

கழற்றினாள். ஒதுங்கின. மாட்டினாள். நின்றன. நாலைந்து முறை செய்து பார்த்தாள். எத்தனை முறை செய்தால் என்ன, உண்மை மாறிவிடுமா.

திணறியது பெட்டி இல்லை. கருவி. பலமான அலையை நேராக அதன் வாயில் திணித்ததால் கருவிதான் திணறியிருக்கிறது. ஆனால் திரையில் பார்ப்பதற்கு, அனுப்புகிற பெட்டி திணறுவதும் அளக்கிற கருவி திணறுவதும் ஒன்று போலவே இருக்கும். மூன்று வருஷத்துக்கு முந்தைய அந்த நாள் இப்போது துல்லியமாக எழுந்து வந்தது. அன்று முதலில் கட்டையோடுதான் பார்த்தாள். புள்ளிகள் இடத்தில்தான் இருந்தன, கொஞ்சம் மங்கலாக. பழைய கருவி எல்லாருடையதையும் கொஞ்சம் மங்கலாகத்தான் காட்டும். வேறு யாருடைய பெட்டியாக இருந்தாலும் அங்கேயே கையெழுத்துப் போட்டிருப்பாள். அக்காவுடையது ஆயிற்றே, யாரும் ஒரு சொல் சொல்லிவிடக் கூடாதே என்று, இன்னும் தெளிவாகப் பார்க்கக் கட்டையைக் கழற்றினாள். மங்கல் போயிற்று. மூலைகள் ஒதுங்கின. மங்கலில் ஒளிந்திருந்த குறையைப் பிடித்துவிட்டோம் என்று நினைத்தாள். பின்னால் அதையே அட்டையிலும் எழுதிக் கட்டித் தொங்கவிட்டாள். முதல் நாளிலிருந்தே அந்தப் பெட்டியை யார் அளந்தாலும் கட்டை இல்லாமல்தான் அளந்தார்கள். அக்கா இரண்டு மாதம் பிரித்துப் பிரித்துத் தேடியது, அந்தப் பெட்டியிலேயே இல்லாத ஒரு குறையை.

பெரிய கருவிக்கு எதிரே கையெழுத்துப் போட்டால் விஷயம் இந்த அறைக்குள்ளேயே அடங்கிவிடும். இங்கிருந்துதான் எந்த அலையும் வெளியே போகாதே. அந்த நினைப்பு வராமல் இல்லை. வந்தது, கொஞ்ச நேரம் உட்கார்ந்தும் இருந்தது. தராசு அதைப் பார்த்துப் பயந்தாள், வெட்கப்பட்டாள், எழுந்தாள்.

இரண்டாம் மாடியில் அக்கா ஏதோ கையேட்டில் சிவப்புப் பேனாவால் திருத்திக்கொண்டிருந்தாள்.

"அக்கா, கொஞ்சம் கீழ வர்றியா?"

"எதுக்கு?"

"வாயேன்."

அக்கா செம்பு அறைக்குள் வந்து மூன்று வருஷம் ஆகியிருந்தது. வாசலில் ஒரு நொடி நின்றுவிட்டுத்தான் உள்ளே வந்தாள். மேஜைமேல் தன் பெட்டியையும் அதன் மேலிருந்த சீட்டையும் பார்த்ததும் முகம் இறுகியது. தராசு கட்டையைக் கழற்றிக் காட்டினாள். பிறகு மாட்டிக் காட்டினாள்.

அலை படித்தவளுக்கு அதற்குமேல் விளக்கம் தேவையில்லை. அக்கா ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"இன்னொரு தடவ காட்டு" என்றாள்.

தராசு காட்டினாள்.

"இன்னொரு தடவ."

காட்டினாள். அக்கா கண்ணிலிருந்து தண்ணீர் இறங்கியது. துடைத்துக்கொள்ளவில்லை. திரையின் பச்சை வெளிச்சம் அதில் பட்டு மினுங்கியது.

"தப்பு என்னோடதுக்கா" என்றாள் தராசு. "உன்னோடதுங்கறதால கூடுதலா பாத்தேன். அதுலதான் போச்சு."

"எனக்கு ஒரு நிமிஷம்கூட சந்தேகம் வரலடி" என்றாள் அக்கா, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "கட்டை போட்டுப் பாத்தியான்னு வேற யாரா இருந்தாலும் கேட்டிருப்பேன். நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்னு, என் கையத்தான் சந்தேகப்பட்டேன். மூணு வருஷம். ஒரு ஆணியப் புடிச்சாக்கூட இதச் சரியாப் புடிச்சிருக்கமான்னு தோணும் எனக்கு."

தராசு தொடங்கினாள். "அக்கா..."

"பேசாத. பரவாயில்லன்னு சொல்லுவேன்னு பாக்காத, சொல்லமாட்டேன்." அக்கா அட்டையை இழுத்து, சிவப்புப் பேனாவைத் திறந்து, இரண்டாவது வரியை அடித்தாள். பக்கத்தில் 'கட்டை அவசியம்' என்று எழுதினாள். பிறகு நகத்தால் ஓரத்தைக் கிளப்பி, 'கெட்டபிள்ளை' என்ற சீட்டைப் பெட்டியிலிருந்து உரித்தாள். பழைய பசை சுலபத்தில் விடவில்லை. பொறுமையாக, கிழியாமல் உரித்து, தங்கையின் உள்ளங்கையில் வைத்துவிட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனாள்.

மேலாளரிடம் தராசு எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொன்னாள். அவர் படிவத்தை அவள் பக்கம் நகர்த்தினார்.

"சரி, கட்டை போட்டா பெரியதும் சரியாத்தானே காட்டுது? அப்பறம் ஏன் சின்னது?"

"நான் சரியா மாட்டினா ரெண்டும் சரி சார். நான் தப்பா மாட்டினப்பவும் சின்னது சமாளிச்சுது, தானே பலத்தக் குறைச்சுக்கிட்டு. தாங்காத அளவுக்குத் திணிச்சுப் பாத்தேன், ஓரத்துல சிவப்புல சொல்லிடுச்சு. பெரியது வாயத் தொறக்காம ஒரு படத்தப் போட்டுக் காட்டுது." அவள் பேனாவை எடுத்தாள். "தப்புப் பண்றவங்க கைலதான சார் கருவி இருக்கப்போவுது."

சின்னதற்கு எதிரே கையெழுத்துப் போட்டாள். தேர்வுக்குக் காரணம் என்ற கட்டத்தில், மூன்று வருஷத்துக்கு முந்தைய தன் அளவு தவறு என்று முழுப் பக்கத்துக்கு எழுதினாள். இனிமேல் தன்னைத் தராசு என்று யாரும் கூப்பிடமாட்டார்கள் என்று தோன்றியது. கூப்பிடாவிட்டால் போகட்டும்.

சாயங்காலம் பஸ்ஸில் நல்ல கூட்டம். வெளியே வெளிச்சம் செம்பு நிறமாக இறங்கிக்கொண்டிருந்தது. கட்டடங்களின் ஜன்னல்களில் விளக்குகள் ஒவ்வொன்றாக ஏற, தராசு தன்னை அறியாமல் அவற்றை நாலு நாலாக எண்ணினாள். அக்கா ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். கைப்பை மடியில் இருந்தது. பக்கத்து இடத்தில் பெட்டி. தராசு கம்பியைப் பிடித்துக்கொண்டு அருகில் நின்றாள். அக்கா ஏறிட்டுப் பார்க்கவில்லை. வீட்டுக்குப் பதினோரு நிறுத்தம். ஒன்பது இப்படியே போயிற்று.

ஒன்பதாவதில் ஏறிய ஒரு பெரிய உடம்புக்காரம்மா, மூச்சு வாங்கியபடி அந்த இடத்தைக் காட்டிக் கேட்டாள். "பொட்டிய எடுத்துக்கறியாம்மா? உக்காந்துக்கறேன்."

"ஆள் இருக்குங்க" என்றாள் அக்கா.

"எங்க?"

அக்கா தாடையால் தங்கையைக் காட்டினாள். அந்த அம்மா இவளை மேலும் கீழும் பார்த்தாள். "இந்தப் பொண்ணா? ஏறுனதுலேர்ந்தா நிக்குது? அப்ப உக்கார வேண்டியதுதான?"

"நிக்கட்டும்" என்றாள் அக்கா. பெட்டியை இரண்டு கையாலும் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள். "இன்னும் ஒரு ஸ்டாப் நிக்கட்டும். அப்பறம் உக்காருவா."